முகியேயின் மூக்கில் மழை

வாசனை வாங்க நைரோபியிலிருந்து ஒருத்தி வருகிறாள் என்று கேள்விப்பட்டபோது சிரித்தோம். வந்து இறங்கி, எங்கள் பெண்களின் பால் குடுக்கைகளுக்குள் ஒவ்வொன்றாக மூக்கை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது இன்னும் கொஞ்சம் சிரித்தோம். மகேனா என்று பெயர், மேரு பக்கத்துப் பெண். பட்டணத்து வீடுகளில் கரித்தணலில் போட்டுப் புகைக்கிற வாசனை உருண்டைகள் செய்து விற்கிறவள். கடல் தாண்டியும் விற்கிறாளாம். வீடு என்றால் சாணமும் புகையும் பாலும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து தன்பாட்டில் மணக்காதா, அதையும் கடையில் போய் வாங்க வேண்டுமா என்று எங்களுக்கு விளங்கவில்லை. பாவம், மாடில்லாத சனம் என்று நினைத்துக்கொண்டோம்.

அவள் வந்து உட்கார்ந்தது பர்முவாத்தின் பட்டியில். பர்முவாத் எனக்கு அடுத்த பட்டிக்காரன். இரண்டு பேருக்கும் ஒன்றாகச் சுன்னத்துக் கத்தி வைத்தார்கள், ஒன்றாக ஈட்டி பிடித்தோம். அவன் எனக்கு ஒரு செம்மறி கொடுத்த நாளிலிருந்து நாங்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செம்மறி கைமாறினால் கொடுத்தவனும் வாங்கினவனும் 'பாக்கெர்' ஆகிவிடுவார்கள். அவனுக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் நோங்கிபா, வாயாடி. இளையவள் சிலாந்தோய், மகன் தாஜெவுவின் பெயரால் எங்களுக்கெல்லாம் தாஜெவு அம்மா. பேச்சு குறைவு, கை ஓயாது.

மகேனா எங்கள் பெண்கள் கொடுத்த பாலில்லாத தேநீரை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுக் கேட்டாள்: "உங்க சாமி எங்காய் ரெண்டு நிறத்துல வருவாங்களாமே. மழையா வந்தா கறுப்பு, கோவமா வந்தா சிவப்பு. ரெண்டுக்கும் ரெண்டு வாசனை செஞ்சு தருவீங்களா?"

நோங்கிபா விழுந்து விழுந்து சிரித்தாள். "செவப்புக்கு எதுக்கும்மா வாசனை? வெளிய போயி மூக்க நீட்டு. போன மழைக்கு முந்தின மழையிலேர்ந்து அவதான் இங்க குடியிருக்கா. செத்த வரிக்குதிரை நாத்தம், வெந்த மண்ணு, வெறும் காத்து. வேணுங்கிற மட்டும் அள்ளிட்டுப் போ, சும்மாவே தரோம்."

எல்லோரும் சிரித்தோம். மகேனாவும் சிரித்தாள். சிலாந்தோய் மட்டும் சிரிக்கவில்லை. "கறுப்பு எங்காய் எப்படி மணப்பான்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"தூசியில மொத மழை விழுந்த மாதிரி. வேற எப்படி?"

"அதச் செய்ய முடியுமா?"

"செஞ்சு பாக்குறேன்."

மகேனா ஒரு பானையும், ஆவி போக மூடியில் பொருத்திய செப்புக் குழாயும் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த சந்தைக்கு வருவேன், அன்றைக்கு ஓர் உருண்டையாவது கையில் இருந்தால் வெளிநாட்டுக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவேன், அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இந்தப் பட்டிப் பெண்கள் அத்தனை பேருக்கும் வருஷம் முழுக்க வேலை இருக்கும் என்றாள். அந்தச் சந்தை தவறினால் அவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

அவள் வண்டியின் தூசி அடங்கியதும் நாங்கள் எங்கள் வேலைக்குத் திரும்பினோம். அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே வேலைதான், மாடு தூக்குவது. பஞ்சத்தில் மாடு படுத்தால் தானாக எழுந்திருக்காது. காலையில் ஒவ்வொரு பட்டியாகப் போய், ஒருவன் வாலைப் பிடிக்க, ஒருவன் கொம்பைப் பிடிக்க, இரண்டு பேர் வயிற்றுக்கடியில் கழியைக் கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். நின்றதும் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். எங்கள் உள்ளங்கையெல்லாம் வால் மயிர் அறுத்த கோடுகள்.

பர்முவாத் வீட்டில் படுத்துவிட்டது முகியே. கருங்காப்பி நிறத்துப் பசு. சிலாந்தோயின் கல்யாணத்துக்கு அவள் அப்பன் கொடுத்தது. அதுதான் முன்மாடு. அது நடந்தால் மந்தை நடக்கும், அது நின்றால் மந்தை நிற்கும். மேற்கே மலைச்சுவருக்கு மேலே மழை விழுந்திருந்தது. எங்கள் கண்ணாலேயே பார்த்தோம், கறுத்த மேகமும் மின்னலும். ஆனால் எங்கள் சமவெளியில் காற்று கிழக்கேயிருந்து மலையை நோக்கித்தான் அடிக்கும். மேலே பெய்த மழையின் வாசனை ஒரு பொட்டுக்கூட கீழே இறங்கவில்லை. கண்ணால் பார்த்து மாடு எதை நம்பும்? ஆடுகளை ஓட்டிக்கொண்டு பெரிய பையன்கள் போய்விட்டார்கள். மாடுகள் மலைப்பாதையில் கால் வைக்க மாட்டோம் என்றன. முகியேயோ எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. சிலாந்தோய் வீட்டு வாசலை ஒட்டி, கழுத்தைத் தரையில் நீட்டிக் கிடந்தது.

"இன்னும் ரெண்டொரு நாள் பாப்போம், பாக்கெர்" என்றான் பர்முவாத். "அப்புறம் கத்திதான்."

"முகியேவ அறுத்துட்டா மத்தத யாரு கூட்டிட்டுப் போறது?"

"அதத்தான நானும் யோசிக்கிறேன். நீ கூட்டிட்டுப் போறியா? உன் வாய்க்கு மாடெல்லாம் ஓடித்தான் போகும்."

அது என்னைக் குத்தத்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எதைப் பார்த்தாலும் "அடேயப்பா!" என்று ஊர் கேட்கச் சொல்லிவிடுவேன். பிறவிக் கோளாறு.

இதற்கிடையில் சிலாந்தோய் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வற்றிப்போன குளத்திலிருந்து ஒரு தோல் பை நிறைய மண் கொண்டுவந்ததைப் பார்த்ததும் நோங்கிபாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் மண்ணைக் கீறாத சனம். புல் எங்காய் கொடுத்தது. அதன் வேரைக் கிளறினால் மாட்டின் வாயில் அடித்த மாதிரி.

"தோண்டினியாடி?"

"நான் எங்கக்கா தோண்டினேன்? தண்ணி இருக்கும்னு நெனச்சு மாடெல்லாம் குளத்துல கால வெச்சு மிதிச்சிருக்கு. குளம்பு பொடிச்சுப் போட்டத அள்ளிட்டு வந்தேன்."

"கையால கீறலியே?"

"கையால கூட்டித்தான் எடுத்தேன், புறாச் சிறகால பெருக்குற மாதிரி."

நோங்கிபா மண்ணை முகர்ந்து பார்த்தாள். மாட்டு வாசனை இருந்தது. "சரி, மாடு தோண்டினா பாவம் மாட்டுக்கு. அதுக்கு ஏற்கனவே வேண்டிய மட்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்து உதவி செய்தாள்.

அந்த மண்ணைப் பிசைந்து தட்டையாகத் தட்டி, காய வைத்து, சாணத் தணலில் சுட்டார்கள். சுட்டதை உடைத்துப் பானையில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேக வைத்தார்கள். குடிக்கவே இல்லாத காலத்தில் அந்தத் தண்ணீருக்காகத் தன் பங்குத் தேநீரை விட்டுக்கொடுத்தாள் சிலாந்தோய். குழாய் வழியாக வந்த ஆவி, காட்டு ஒலிவக் கொள்ளியால் புகையூட்டிய குடுக்கைக்குள் சொட்டியது. குடுக்கையில் செம்மறி வால் கொழுப்பு. ஆவி சொட்டச் சொட்டக் கொழுப்பைக் கிண்டினாள். திரும்பப் புதுமண், திரும்ப ஆவி, அதே கொழுப்பு. கடைசியில் முள்மரத்துப் பிசினும் மலையடியில் பறித்த லெலெஷ்வா இலைப்பொடியும் சேர்த்து உருட்டினாள். இளைஞர்கள் ஆட்டத்துக்குப் போகுமுன் அக்குளில் செருகிக்கொள்வார்களே, அந்த இலை. உருண்டைகளைப் பார்த்தால் ஆட்டுப் புழுக்கையை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். முகர்ந்தேன். கொழுப்பு வாசனைதான் அடித்தது.

"இதுவா கறுப்பு எங்காய்? நம்ம கிடா மாதிரில்ல இருக்கு" என்றேன்.

"தணல்ல போடாம அவ வருவாளா?" என்றாள் சிலாந்தோய்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். பர்முவாத், நோங்கிபா, நான். அடுப்பில் உகாலி, மக்காச்சோள மாவுக் களி, வெந்துகொண்டிருந்தது. சிலாந்தோய் இரண்டு தணலை ஓட்டுச் சில்லில் எடுத்து, ஓர் உருண்டையை அதன் மேல் வைத்தாள். முதலில் கொழுப்பு உருகிச் சீறியது. பிறகு புகை மெல்லிசாக எழுந்தது. பிறகு என்ன சொல்வேன்! வீட்டுக்குள் மழை பெய்தது. ஒரு சொட்டு இல்லை, ஆனால் பெய்தது. சின்ன வயதில், வெயிலில் காய்ந்த கன்றுத்தோல் மேல் முதல் தூறல் பட்டபோது ஓடிவந்து முகர்ந்த அதே வாசனை. பர்முவாத் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தான், ஒழுகுகிறதா என்று. நோங்கிபா, அந்த வாயாடி, கையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புகை சந்து வழியாக வெளியே போனது. அப்போதுதான் வாசலில் 'ஹம்ப்' என்று ஒரு மூச்சு கேட்டது.

குனிந்து வெளியே வந்து பார்த்தோம். முகியே தரையிலிருந்து கழுத்தைத் தூக்கியிருந்தது. மூக்குத் துளைகள் விரிந்து விரிந்து சுருங்கின. முன்னங்காலை மடித்தது. விழுந்தது. மறுபடி மடித்தது. வாலைப் பிடிக்க ஓடப்போன பர்முவாத்தைச் சிலாந்தோய் தடுத்தாள். பின்னங்கால்கள் நடுங்க, முட்டி உரச, யாரும் தொடாமல் அந்தப் பசு எழுந்து நின்றது. பட்டிக்குள் கிடந்த மற்ற மாடுகளும் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் திரும்பின.

நான் வாயைத் திறந்தேன். "அடே" வரை வந்துவிட்டது. சிலாந்தோய் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். கையெல்லாம் கொழுப்பு.

"கத்திராதீங்க! வார் எறங்கும்போது கத்தினவன் கதை மறந்துபோச்சா?"

மறக்குமா? மாடுகள் வானத்திலிருந்து வந்தவை. எங்காய் ஒரு தோல் வாரை இறக்கி அதன் வழியே மாடுகளை எங்கள் முப்பாட்டனுக்கு அனுப்பினாள். எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்காதே என்று சொல்லித்தான் அனுப்பினாள். பக்கத்துக் குடிசையில் தூங்கிய வேட்டைக்காரன் எழுந்து வந்து, வானத்திலிருந்து மாடு இறங்குவதைப் பார்த்து ஆச்சரியத்தில் அலறிவிட்டான். வார் மேலே போய்விட்டது. மீதி மாடெல்லாம் இன்றைக்கும் மேலேதான் இருக்கின்றன. அந்த அலறலுக்காக நாங்கள் அவன் வம்சத்தை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவள் கையை எடுத்ததும் பர்முவாத் கிசுகிசுத்தான். "இது சரியா, தாஜெவு அம்மா? இல்லாத மழைய இருக்குன்னு மாட்டுக்குச் சொல்லலாமா? மாட்டுக்குப் பொய் சொன்னா எங்காய் பாத்துட்டு இருப்பாளா?"

"மழை இல்லன்னு யாரு சொன்னா? மேல பெய்ஞ்சிருக்கு. நீங்க பாத்தீங்க, நான் பாத்தேன். மாட்டோட மூக்குக்கு மட்டும் சேதி வரல. நான் பொய் சொல்லல, தாஜெவு அப்பா. கொஞ்சம் முன்னாடியே சொல்றேன்."

"மலை ஏறி முடியறதுக்குள்ள இது தீந்துபோச்சுன்னா?"

"தீராம பாத்துக்கறேன். விடியக் காத்து எழும்பறதுக்கு முன்னாடி கெளம்பணும். நான் முன்னால தணலோட போறேன். முகியே என் பின்னால வரும்."

பர்முவாத் தரையிலிருந்து காய்ந்த புல் ஒரு பிடி எடுத்து, அதில் ஆசீர்வாதமாக மெல்லத் துப்பி, முகியேயின் நெற்றியில் வைத்தான். சம்மதம் என்று அர்த்தம்.

அந்த மந்தையில் என்னுடைய மாடுகளும் உண்டு. விடிகிற நேரத்தில் நானும் வந்து நின்றேன். நோங்கிபா என்னைப் பார்த்ததும் முதல் வேலையாக என் போர்வையின் ஓரத்தைச் சுருட்டி என் வாயில் திணித்தாள். "மலை ஏறுற வரைக்கும் எடுக்கப்படாது. உன்ன நம்பி மாட்ட விட முடியாது, கொழுந்தா."

நான் ஏதோ பதில் சொன்னேன். துணிக்குள் அது யாருக்கும் கேட்கவில்லை.

மலைச்சுவர் என்றால் சுவர்தான். கீழேயிருந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். கல்லும் முள்ளுமாக ஒரு பாதை வளைந்து வளைந்து ஏறும். சிலாந்தோய் ஓட்டுச் சட்டியில் தணலை ஏந்தி முன்னால் போனாள். முகியே அவள் முழங்கைக்கு ஒரு சாண் பின்னால் மூக்கை நீட்டிக்கொண்டு போனது. அதன் பின்னால் மந்தை. அசைவில்லாத காற்றில் அந்தப் புகை ஒரு நூல் மாதிரி பின்னோக்கி இழைந்து மாடுகளின் மேல் கிடந்தது. நேற்றுவரை வாலைப் பிடித்துத் தூக்கிய மாடுகள், எலும்பு துருத்தின மாடுகள், ஒன்றன்பின் ஒன்றாக அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஏறின. குளம்பு கல்லில் படுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. ஒருவரும் பேசவில்லை. வழக்கமாக மாடு ஓட்டும்போது நாங்கள் பாடுவோம், விசில் அடிப்போம், திட்டுவோம். அன்றைக்கு இருமல் வந்தாலும் விழுங்கிக்கொண்டோம். ஆதியில் எங்கள் முப்பாட்டன் இப்படித்தான் நின்றிருப்பான் என்று நினைத்தேன். அவனுக்காவது மாடுகள் இறங்கி வந்தன. எங்கள் கண் முன்னால் ஏறிப்போயின.

பாதி மலை தாண்டி, தனிக் கற்றாழை நிற்கிற வளைவில் காற்று எழும்பிவிட்டது. கிழக்குக் காற்று, எங்கள் முதுகில். புகை நூல் அறுந்து முன்னால் மேலே பறந்தது. மாடுகளின் மூக்குக்கு ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் பின்னாலிருந்து, நாங்கள் விட்டுவந்த வெந்த மண்.

முகியே நின்றது. மந்தை நின்றது. சிலாந்தோய் இன்னோர் உருண்டையைப் போட்டாள். அதுவும் முன்னால் பறந்தது. போட்டதெல்லாம் அப்படியே போயிற்று. முகியே மெல்லத் தலையைத் திருப்பிக் கீழே சமவெளியைப் பார்த்தது. முன்னங்கால் மடங்கத் தொடங்கியது. அந்த ஒடுங்கின பாதையில் அது படுத்தால் யாராலும் தூக்க முடியாது, பின்னால் நிற்பவை தாண்டிப் போகவும் முடியாது. பர்முவாத்தின் கை இடுப்புக் கத்திக்குப் போவதைப் பார்த்தேன்.

சிலாந்தோய் கழுத்தில் தொங்கிய மணிப் பையைத் திறந்தாள். உள்ளே இலையில் சுற்றிய ஒற்றை உருண்டை இருந்தது. மகேனாவுக்கென்று எடுத்து வைத்தது. மறுநாள்தான் சந்தை.

நோங்கிபா பொறுக்க முடியாமல் கிசுகிசுத்தாள். "அது அந்தப் பொண்ணோடதுடி. அது போச்சுன்னா அவ இனி வரமாட்டா. நம்ம எல்லாரோட பொழப்பும் அதுல இருக்கு."

"தெரியும்க்கா."

"அவகிட்ட என்ன சொல்லுவ?"

"கறுப்பு எங்காய் வாசனை கேட்டா. அது எங்க போச்சோ அதச் சொல்லுவேன்."

நோங்கிபா அவளையும் பார்த்தாள், மடங்குகிற காலையும் பார்த்தாள். பிறகு அவளே சட்டியை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

சிலாந்தோய் உருண்டையைத் தணலின் ஓரத்தில் வைத்து, எரிய விடாமல் உருக்கினாள். விரல் சுட்டது, உதறவில்லை. உருகின கொழுப்பை உள்ளங்கையில் வழித்து, முகியேயின் மூக்கு முழுக்க, துளைகளைச் சுற்றி, மேலுதடு வரை பூசினாள். மிச்சத்தைத் தன் கழுத்திலும் தோளிலும் தேய்த்துக்கொண்டாள். எந்தக் காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன, மழை இப்போது மாட்டின் மூக்கிலேயே இருந்தது.

முகியே மூச்சை உள்ளே இழுத்தது. நீளமான மூச்சு, அதன் விலா எலும்பெல்லாம் ஏறி இறங்கின. மடங்கின கால் நிமிர்ந்தது. நாக்கை நீட்டி மூக்கை நக்கியது. ஐயோ, நக்கியே தீர்த்துவிடுமே என்று எனக்குப் பதறியது. நக்கிக்கொண்டே ஓர் அடி வைத்தது. சிலாந்தோய் திரும்பி நடந்தாள். அது அவள் தோளில் மூக்கை உரசிக்கொண்டு நடந்தது. முன்மாடு நடந்தால் மந்தை நடக்கும். நடந்தது. என் வாய்த் துணி நனைந்துவிட்டது. உச்சியை நெருங்கும்போது என் கண்ணுக்குப் பாதையே சரியாகத் தெரியவில்லை.

மேலே கடைசிப் பாறையைத் தாண்டியதும் காற்று மாறியது. மலைமேட்டின் சொந்தக் காற்று, குளிர்ந்த காற்று. நனைந்த மண். இந்தத் தடவை யாரும் செய்ததில்லை. எங்களுக்கு முன்னால், கண் எட்டுகிற மட்டும், கணுக்கால் உயரத்துக்குப் பச்சை. முகியே சிலாந்தோயைத் தள்ளிக்கொண்டே முன்னால் போய் வாயை வைத்தது. பறிக்கிற சத்தம் கேட்டது. பின்னால் ஒவ்வொன்றாக மாடுகள் பாறையைத் தாண்டி வந்து, அவளைச் சுற்றி விலகிப் போய்த் தலையைக் குனிந்தன.

அப்போது ஓர் அலறல் கேட்டது. நான் இல்லை, சத்தியமாக நான் இல்லை. அத்தனை பேர் வாயையும் அடைத்தவள், என் வாயைக் கொழுப்புக் கையால் பொத்தினவள், சிலாந்தோய், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அலறினாள். வார்த்தை எதுவும் இல்லை. வயிற்றிலிருந்து வந்த சத்தம். மலையில் மோதித் திரும்பி வந்தது.

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் மூச்சை நிறுத்தி மாடுகளைப் பார்த்தோம். வார் போய்விட்டதா? முகியே தலையைத் தூக்கியது. வாயில் இரண்டு பக்கமும் புல் தொங்கியது. அவளை ஒரு பார்வை பார்த்தது. மறுபடி குனிந்து மேய்ந்தது.

பர்முவாத் பாறை மேல் ஏறி நின்று மந்தையைப் பார்த்தான். நாங்கள் மாட்டை எண்ணுவதில்லை. நிறத்தையும் கொம்பையும் மச்சத்தையும் பார்த்தாலே எது இல்லை என்று தெரிந்துவிடும். அவன் கண் மெதுவாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனது. திரும்பவும் வந்தது. பிறகு இறங்கி வந்து, வாயைப் பொத்தியிருந்த மனைவியின் முன்னால் நின்றான். அவள் கழுத்தில் இன்னும் மழை மணத்தது.

"கத்து, தாஜெவு அம்மா" என்றான். "நல்லா கத்து. வார்ல ஒண்ணும் பாக்கி இல்ல. எல்லாம் வந்து சேந்தாச்சு."

அவள் கத்தினாள். நோங்கிபாவும் சேர்ந்து கத்தினாள். பர்முவாத் என் பக்கம் திரும்பி, "உனக்கும்தான் சொல்றேன் பாக்கெர், துணிய எடு" என்றான்.

எடுத்தேன். வாயைத் திறந்து நின்றேன். எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை.